சோதிக்காமல் விட்ட ஒன்பதாம் தேதி

அந்த ஆபீசில் "காலண்டர் எங்கப்பா?" என்று யாராவது கேட்டால் ஒருத்தர்கூட சுவரைப் பார்க்க மாட்டார். ஜன்னலோரம், இரண்டு கம்ப்யூட்டர் திரைகளுக்குப் பின்னால் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆளைத்தான் பார்ப்பார்கள். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. கண்ணாடியில் எப்போதும் விரல் ரேகை. டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தக் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கு ப்ரோக்ராம் எழுதிக் கொடுக்கும் கம்பெனி. அதில் தேதி, நேரம் என்று எது வந்தாலும் அவன் தலையில்தான் கட்டுவார்கள். அவனும் வாங்கிக்கொள்வான், சொல்லப்போனால் கொஞ்சம் கர்வத்தோடேயே வாங்கிக்கொள்வான்.

கம்ப்யூட்டருக்குத் தேதி என்று ஒன்று தெரியவே தெரியாது. என்றைக்கோ ஒரு வருஷப் பிறப்பிலிருந்து நொடி நொடியாக எண்ணிக்கொண்டே போவது மட்டும்தான் அதற்குத் தெரியும். அந்த நீளமான எண்ணைப் பிடித்து மனுஷருக்குப் புரிகிற தேதியாக மாற்ற வேண்டும். மனுஷர் எழுதுகிற தேதியைத் திரும்ப அந்த எண்ணாக மாற்ற வேண்டும். இவ்வளவுதானே என்று தோன்றும். இறங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அது எப்படிப்பட்ட புதைகுழி என்று தெரியும்.

காலண்டர் என்ற பெயர் வந்ததே ஒரு குழந்தையால். ஒருநாள் ஒரு தகப்பன் ஆஸ்பத்திரி கவுண்டரில் பிறப்புச் சான்றிதழைத் தூக்கி வீசி, "என் பொண்டாட்டி இங்க வந்து சேர்றதுக்கு முந்தின நாளே புள்ள பொறந்துடுச்சாய்யா? அப்ப பெத்தது யாரு?" என்று ஊரைக் கூட்டிவிட்டான். விடிகாலையில் பிறக்கிற குழந்தைகளெல்லாம் முந்தின நாள் கணக்கில் போய்க்கொண்டிருந்தன. எல்லோரும் தலையைச் சொறிந்தார்கள். இவன் அரை நாளில் கண்டுபிடித்தான்: தகவல் போய்ச் சேருகிற பெரிய கம்ப்யூட்டர் வேறு ஏதோ நாட்டில் இருந்தது, அது அந்த நாட்டுக் கடிகாரத்தைப் பார்த்துத் தேதி போட்டுக்கொண்டிருந்தது. சரி செய்தான். மேனேஜர் முதுகில் தட்டினார். அன்றைக்கு ஒட்டிய பெயர் அப்புறம் உரியவில்லை.

வீட்டில் இந்தப் பெயரை அதிகம் ரசித்தது அக்காதான். "ஊருக்கெல்லாம் தேதி போடற, உனக்கு ஒரு கல்யாணத் தேதி போடத் துப்பில்ல," என்பாள். அம்மா போன பிறகு அவனை வளர்த்தது அவள். அவள் புருஷன் விபத்தில் போன பிறகு அவளுக்கும் அவள் மகளுக்கும் துணையாக அதே வீட்டிலேயே தங்கிவிட்டான் அவன். அக்காவுக்கு பஸ் ஸ்டாண்டில் வேலை. கண்ணாடிக் கூண்டுக்குள் மைக்கைப் பிடித்து எந்த வண்டி எத்தனை மணிக்கு எங்கிருந்து கிளம்பும் என்று அறிவிக்கிற வேலை. அந்தக் குரலைக் கேட்காமல் அந்த ஊரில் யாரும் பஸ் ஏறியதில்லை. காய்கறிக் கடையில் வாயைத் திறந்தாளானால், "அட, நீங்கதானா அது!" என்று திரும்பிப் பார்ப்பார்கள். வீட்டிலும் அதே கதைதான். "பயணிகள் கவனத்திற்கு. சமையலறையிலிருந்து புறப்படும் டீ, இன்னும் சற்று நேரத்தில் மேசைக்கு வந்து சேரும். பல் விளக்காதவர்கள் ஏற அனுமதி இல்லை." தினம் காலை இதுதான். மகள் காதைப் பொத்திக்கொள்வாள். தம்பி சிரித்துக்கொண்டே பல் விளக்கப் போவான்.

அந்தக் குரல் ஒரு குளிர்காலத்தில் கம்மியது. சளி என்றாள். சூடாக ஏதேதோ குடித்தாள். பஸ் ஸ்டாண்டில், "என்னக்கா, குரலை வாடகைக்கு விட்டுட்டியா?" என்று கேலி செய்தார்கள். இரண்டு மாதமாகியும் சரியாகாமல் போக, மகள் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் காட்டினாள். தம்பியின் கம்பெனி ப்ரோக்ராம் ஓடுகிற அதே ஆஸ்பத்திரி. தொண்டையில் சின்னதாக ஒரு கட்டி. டாக்டரம்மா அதை எடுத்தார்கள். நல்ல கட்டி இல்லை என்று பரிசோதனையில் வந்தது. "சின்னதா இருக்கும்போதே பிடிச்சுட்டோம். பயப்படாதீங்க. மிச்சம் ஏதாவது இருக்கான்னு பார்த்துட்டு உடனே அடுத்த வைத்தியத்தை ஆரம்பிச்சுடலாம். என்னைக்கு வரணும்னு போனுக்கு மெசேஜ் வரும்," என்றார்கள்.

மெசேஜ் வந்தது. செப்டம்பர் நான்கு என்று இருந்தது. அது மார்ச் மாதம்.

அக்கா போனைக் கையில் வைத்துக்கொண்டு தம்பியின் அறை வாசலில் வந்து நின்றாள். "டேய், உடனே ஆரம்பிக்கணும்னாங்க. இது என்னடா, செப்டம்பர்னு வருது? கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்."

அவன் லேப்டாப்பைத் திறந்தான். ஆஸ்பத்திரிப் பதிவுக்குள் போனான். பார்த்தான். "சிஸ்டத்துல செப்டம்பர் நாலுதான்க்கா இருக்கு."

"நல்லாப் பார்த்தியா?"

"நான் எழுதினதுக்கா அது. தப்பாகாது. மிச்சம் ஒண்ணும் இல்லன்னு ரிசல்ட் வந்திருக்கும், அதான் அவசரமில்லன்னு தள்ளிப் போட்டிருப்பாங்க."

அக்காவின் முகம் அப்படியே மலர்ந்தது. யாருக்குத்தான் மலராது? "அதானே! நீ பார்த்துட்டா அப்புறம் என்ன," என்று அவன் தலையைக் கோதிவிட்டுப் போனாள். அன்றைக்கே பஸ் ஸ்டாண்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள், ஆறு மாசத்துக்கு ஆஸ்பத்திரிப் பக்கமே போக வேண்டாம், தம்பியே பார்த்துச் சொல்லிட்டான் என்று. மகளுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "ஒரு தடவை நேர்ல போய்க் கேட்டுட்டு வந்துடலாமா மாமா?" என்றாள். "எதுக்கு பாப்பா? அவங்களும் இதையேதான் திறந்து பார்த்துச் சொல்லப் போறாங்க," என்றான். சொன்னது சத்தியமான வார்த்தை. அவர்களும் அதையேதான் பார்த்திருப்பார்கள்.

ஜூலையில் குரல் மறுபடி கம்மியது. ஆகஸ்டில் விழுங்கும்போது வலித்தது. "செப்டம்பர்தான் இதோ வந்துடுச்சே," என்று அக்கா பொறுத்துக்கொண்டாள்.

செப்டம்பர் நான்காம் தேதி மூன்று பேரும் போனார்கள். டாக்டரம்மா தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார்கள். விளக்கை அணைத்தார்கள். அப்புறம் ஒரேயடியாகக் கோபம் வந்துவிட்டது.

"ஏப்ரல் ஒன்பதாம் தேதி வரச் சொல்லி எழுதியிருந்தேனேம்மா! இத்தனை மாசம் எங்க போனீங்க? அப்பவே வந்திருந்தா குரலைக் காப்பாத்தியிருக்கலாம். இப்ப உயிரைக் காப்பாத்தறதைப் பத்தித்தான் பேசணும்."

அக்கா போனை நீட்டினாள். டாக்டரம்மா மெசேஜைப் படித்தார்கள். தன் கையெழுத்துக் குறிப்பைப் புரட்டிப் பார்த்தார்கள். 9, 4. அவ்வளவுதான் எழுதியிருந்தது.

மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காவுக்கும் புரியவில்லை. சுவரோரம் நின்றிருந்தவனுக்கு மட்டும் அந்த நொடியே புரிந்துவிட்டது. ஒன்பது, நான்கு. நான்கு, ஒன்பது. நாளையும் மாதத்தையும் யாரோ இடம் மாற்றியிருக்கிறார்கள். அந்த யாரோ யார் என்றும் அவனுக்குத் தெரிந்தது.

வெளியே வந்ததும் அக்கா நேராக ரிசப்ஷனுக்குப் போனாள். அங்கே இருபது சொச்சம் வயசில் ஒரு பெண், காதில் சின்னக் கம்மல், கையில் பேனா. இருந்த கொஞ்சநஞ்சக் குரலையும் திரட்டிக்கொண்டு அக்கா அவளைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். "கண்ணை எங்கம்மா வச்சுக்கிட்டு அடிக்கற? ஒரு உசுரும்மா இது! விளையாட்டா உனக்கு?" அந்தப் பெண்ணுக்குப் பொலபொலவென்று கண்ணீர். "நான் ஏப்ரல்னுதான் மேடம் அடிச்சேன். சத்தியமா ஏப்ரல்னுதான் அடிச்சேன்," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். திரையில் செப்டம்பர் என்று இருக்கும்போது அதை யார் நம்புவார்கள்? அக்கா அங்கேயே உட்கார்ந்து புகார் எழுதிக் கொடுத்தாள். தம்பி நட்ட மரம் மாதிரி நின்றான். வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரம் அந்தப் பெண்ணை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

ஆபீசில், ப்ரோக்ராமுக்குள் அந்த வரிகளைக் கண்டுபிடிக்க அவனுக்குத் தேடவே வேண்டியிருக்கவில்லை. போன வருஷக் கடைசியில் ஆஸ்பத்திரி ஒரு புதுப் பரிசோதனை மெஷின் வாங்கியது. எல்லோரும் நாளை முதலில், மாதத்தை அடுத்து எழுதினால் அந்த மெஷின் மாதத்தை முதலில் எழுதும். இரண்டையும் படிக்கிற மாதிரி இவன் ஒரு வழி செய்தான்: முதலில் மாதம் என்று நினைத்துப் படி, பன்னிரண்டுக்கு மேல் வந்தால் அப்படி ஒரு மாதம் கிடையாது, அப்போது நாளை முதலில் வைத்துப் படி. எழுதி முடித்துவிட்டு, புத்திசாலித்தனத்தை நினைத்து ஒரு டீ வேறு குடித்தான். சோதித்துப் பார்க்கவில்லையா என்று கேட்காதீர்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சோதித்தான். பிப்ரவரி இருபத்தொன்பது, டிசம்பர் முப்பத்தொன்று, வெளிநாடுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றி வைக்கிற கடைசி ஞாயிறு என்று ஆளைக் கவிழ்க்கிற பொல்லாத தேதிகளாகப் பார்த்துப் பார்த்துப் போட்டான். எல்லாம் சரியாக வந்தன. வராமல் என்ன? அத்தனையும் பன்னிரண்டைத் தாண்டிய நாட்கள். ஒரு சாதாரண ஒன்பதாம் தேதியைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அதில் என்ன தப்பு வந்துவிடப் போகிறது?

ஆஸ்பத்திரியிலிருந்து அவ்வப்போது குறை வந்திருந்தது. சரியாக அடித்தாலும் "கடந்துபோன தேதி" என்று சில சமயம் சிவப்பு காட்டுகிறது என்று. புரட்டிப் படித்த தேதி பழைய மாதத்தில் போய் விழும்போது ப்ரோக்ராம் அப்படிக் கத்தியிருக்கிறது. அதற்கு அவன் அனுப்பிய பதிலும் அங்கேயே இருந்தது: "தேதியைக் கவனமாக உள்ளிடவும்." கீழே அவன் பெயர்.

இனிமேல் வரப்போகிற மாதத்தில் போய் விழுந்த தேதிகளோ கத்தவே இல்லை. பாதிப் பேர் மெசேஜைப் பார்க்காமல் டாக்டர் வாயால் சொன்ன நாளில் வந்துவிட்டார்கள். வந்தவர்களை யாரும் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. வராதவர்களின் பெயர் அன்றைய பட்டியலிலேயே இல்லாததால் யாரும் தேடவும் இல்லை.

மேனேஜரிடம் போய்ச் சொன்னான். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"இனிமே வர்றதைச் சரி பண்ணிடுங்க."

"பண்ணிட்டேன் சார். ஆனா ஏற்கெனவே புரண்டு போனது இருக்கே? நாலு செப்டம்பர்னு இருந்தா அது நிஜமான நாலு செப்டம்பரா, புரண்டதான்னு கம்ப்யூட்டரைக் கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது. டாக்டருங்க குறிப்பை எடுத்து ஒவ்வொருத்தருக்கா பார்க்கணும். ஆஸ்பத்திரிக்குச் சொல்லியாகணும் சார்."

"பழசைக் கிளறாதீங்க காலண்டர். கிளறினா உங்க பொழப்பு மட்டுமில்ல, இந்த மாடியில இருக்கற எல்லார் பொழப்பும் நாறிடும்."

அவன் வெளியே வந்தான். அந்த மாடியில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். ஒருத்திக்குக் கைக்குழந்தை. ஒருத்தன் அப்போதுதான் கடனில் வீடு வாங்கியிருந்தான். அவர்களை நினைத்துத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பச்சைப் பொய். அக்காவுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம்தான் முழுக்க.

அக்காவின் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தின் முன்னால் ஒரு ஓட்டை, அதில் ஒரு குழாய். மூச்சு அது வழியாகத்தான். பேச்சு இல்லை. சொல்ல வேண்டியதைப் போனில் தட்டிக் காட்டுவாள். யாராவது போன் செய்தால் எடுத்து, நகத்தால் இரண்டு தட்டுத் தட்டுவாள். 'இருக்கிறேன், சொல்லு' என்று அர்த்தம். இன்னும் எத்தனை காலம் என்று டாக்டரம்மா மகளிடம் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். மகள் அதை மாமாவிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து துணி துவைத்தாள், துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள். பஸ் ஸ்டாண்டில் ஒரு மெஷின் குரலைப் போட்டுவிட்டார்கள். அக்காவைப் பார்க்க வந்தவர்கள் அதைக் கிண்டல் செய்து அவளைச் சிரிக்க வைத்தார்கள். சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கியது.

வீட்டுக்கு வந்தும் அவள் அந்த ரிசப்ஷன் பெண்ணை விடவில்லை. தட்டித் தட்டிக் காட்டுவாள். 'கவனமே இல்லாத ஜென்மம். அவ நல்லா இருப்பாளா?' தம்பி படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுப்பான். ஐயோ, அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஒருநாள் காலை. அக்கா டீ போட்டுக்கொண்டிருந்தாள். அவன் மேசையில் இருந்தான். டீ கொதித்ததும், பழக்கதோஷம், அவள் திரும்பிப் பார்த்து வாயைத் திறந்தாள். உதடு முழுசாக அசைந்தது. 'பயணிகள் கவனத்திற்கு' என்று அவன் அந்த உதட்டைப் படித்தான். கழுத்துக் குழாயிலிருந்து காற்று மட்டும் வந்தது. அவளுக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு, டம்ளரைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

அவன் அந்த டீயைக் குடிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரி நிர்வாகியின் அறைக்குப் போய், உட்காரச் சொல்வதற்கு முன்பே எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். மத்தியானத்துக்குள் அவன் வேலை போயிற்று. மேனேஜர் போனில் வாய்க்கு வந்தபடி திட்டினார். வழக்கு வரும் என்று நிர்வாகி சொன்னார். "வரட்டும் சார். முதல்ல இவங்களுக்கெல்லாம் போன் போடணும்," என்றான். யாரும் முன்வராததால் அவனையே போடச் சொன்னார்கள்.

பழைய கோப்புகள் அடுக்கிய அறையில் ஒரு மேசை, ஒரு போன். எதிரே ஒரு நர்ஸ், டாக்டர்களின் குறிப்பை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, தேதி புரண்டவர்களின் பெயரைச் சொல்வாள். அவன் கூப்பிடுவான். "ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேங்க. உங்களுக்கு வந்த தேதி தப்பு. தப்பு எங்களோடதுதான். உடனே வந்துடுங்க." ஒரு பெரியவர், "அப்ப நாளைக்கே வரட்டுமா தம்பி? வந்து ரொம்ப நேரம் காத்திருக்கணுமா?" என்று வெள்ளந்தியாகக் கேட்டார். ஒருத்தன் பரம்பரையையே இழுத்துத் திட்டினான். அது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. ஒரு பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவர் போய்ச் சேர்ந்துட்டாருங்க. இப்ப எதுக்கு தேதி?" என்றாள். நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் போனை வைத்துவிட்டு, வராந்தாவில் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

மூன்றாம் நாள் காலை நர்ஸ் ஒரு குறிப்பை எடுத்தவள், பெயரைச் சொல்லவில்லை. அவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

"இது உங்க அக்காவோடது சார். சொல்லியாச்சுன்னு போட்டுக்கறேன், என்ன?"

தலையை ஆட்டியிருந்தால் முடிந்தது. அக்காவுக்குத் தேதி தப்பு என்பது தெரியாதா என்ன? யாரால் என்பதுதான் தெரியாது. அவன் வேலை போனதைக்கூட லீவு என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தான்.

"வேண்டாம் சிஸ்டர். சொல்லல. இப்ப சொல்றேன்."

மணி அடித்தது. எடுக்கப்பட்டது. நகத்தால் இரண்டு தட்டு.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து..." என்று ஆரம்பித்தான். "அக்கா, நான்தான். அந்த ரிசப்ஷன் பொண்ணு சரியாத்தான்க்கா அடிச்சா. ஏப்ரல் ஒன்பதுன்னுதான் அடிச்சா. நான் எழுதினது அதைப் புரட்டி செப்டம்பராக்கிடுச்சு. நீ பார்க்கச் சொன்னப்ப, புரண்டதையே பார்த்துட்டு சரின்னு சொல்லிட்டேன். டாக்டரை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கல. அன்னைக்கு டாக்டரம்மா ஏப்ரல்னு சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சுடுச்சுக்கா. நீ அந்தப் பொண்ணைத் திட்டறப்ப பக்கத்துலதான் நின்னேன். பேசாம நின்னேன்."

எதிர்ப்பக்கம் குழாய் வழியாக மூச்சு போய் வருகிற சத்தம். அது வேகமாயிற்று. ஒரு தட்டுகூட இல்லை. பிறகு போன் வைக்கப்பட்டது.

நர்ஸ் அடுத்த குறிப்பை எடுக்கவில்லை. அவனும் கேட்கவில்லை. வெகு நேரம் கழித்து அவன் போனில் மெசேஜ் வந்தது.

'உன்னைத்தானேடா கேட்டேன்.'

அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தான். நர்ஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அதற்குள் இன்னொன்று வந்தது.

'அந்தப் பொண்ணுக்குப் போன் போட்டியா?'

அவள் நோயாளி இல்லை. அவள் பெயர் எந்தக் குறிப்பிலும் வராது. எத்தனை நாள் அந்த அறையில் உட்கார்ந்து கூப்பிட்டாலும் அவளுடைய முறை வந்திருக்காது. அவன் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, எழுந்து, ரிசப்ஷனில் இப்போது புதிதாக உட்கார்ந்திருந்த பையனிடம் போய், இதற்கு முன்னால் இங்கே வேலை பார்த்த பெண்ணின் நம்பர் கிடைக்குமா என்று கேட்டான்.